தவசியின் தென்னையும் எங்கள் வீட்டு வைஃபையும்

காமயகவுண்டன்பட்டி,
ஞாயிறு காலை

மரியாதைக்குரிய சண்முகராஜ் மச்சான் அவர்களுக்கு, செல்லப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சுருளியம்மாளும் மகள் திரிஷாவும் நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்குச் சோறே இறங்கவில்லை. போனில் சொன்னால் என் குரல் அடுத்த தோட்டத்தில் இருக்கும் தம்பி தவசிக்குக் கேட்டுவிடும். அதனால் இதைத் தேனி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

திரிஷா பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள் அல்லவா, முன்னறையில் உங்கள் தங்கை மாவு மில் ஓட்டுகிற சத்தத்தில் மீட்டிங்கில் ஒருவர் பேசுவதும் கேட்கவில்லையாம், சரி, திராட்சைத் தோட்டத்து மாடியறைக்குப் போ என்றேன், நெட் வருவதோ வீட்டுக்கு, வயர் இழுக்கலாமென்றால் நடுவில் தவசியின் இடம், கிணற்றுத் தகராறுக்குப் பிறகு அவனோடு பேச்சே இல்லை. அதனால் கம்பத்திலிருந்து சுரேஷ்கண்ணன் என்ற மெக்கானிக் வந்து, வீட்டு மாடியில் ஒரு வெள்ளைத் தட்டும் தோட்டத்து மாடியில் ஒரு வெள்ளைத் தட்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மாட்டி, வயரில்லாமலே நெட்டைத் தாண்ட வைத்தார். அன்று ஜோராக ஓடியது. போகிறவர் வருகிறவரெல்லாம் அண்ணாந்து, "இவுக டவரே வச்சிட்டாக" என்று கண்ணு வைத்தார்கள். நான் விடுவேனா? கனத்த பூசணிக்காயாகப் பார்த்து, மீசையோடு முகம் வரைந்து, வீட்டு மாடித் தட்டுக்கு நேர் முன்னால் கட்டித் தொங்கவிட்டேன். அப்படியும் மறுநாளே நெட் படுத்துவிட்டது மச்சான்! எவ்வளவு பொல்லாத கண் பாருங்கள்.

சுரேஷ்கண்ணனுக்குப் போன் போட்டால், "நடுவுல ஏதாச்சும் மறைக்குதாண்ணே?" என்றார். மாடியேறிப் பார்த்தேன். மறைக்கிறது! தவசியின் தென்னை மட்டையை நீட்டிக்கொண்டு குறுக்கே ஆடுகிறது. நட்டது எங்கள் அப்பாதான், ஆனால் இவ்வளவு உயரம் வளர்த்தது அவன்தானே?

நாளைக்கு முக்கியமான மீட்டிங். இன்னொரு தடவை அறுந்தால் பெங்களூருக்கே வந்துவிடு என்று கம்பெனியில் சொல்லிவிட்டாக மச்சான். ஒத்தப் பிள்ளை. அவ போயிட்டா எனக்குத் தாங்காது. நீங்கள் உடனே வந்து அந்தக் கல்மனசுக்காரனிடம் பேசி மரத்தை வெட்ட வைக்கணும். நான் கேட்க மாட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். குச்சனூர் சனீஸ்வரர் உங்கள் வீட்டுப் பக்கமும் என் வீட்டுப் பக்கமும் திரும்பாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செல்லப்பாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தென்னை கீழே கிடக்கிறது, பக்கத்தில் ரம்பத்தோடு தவசி. திரிஷா அவனிடம் போய் அழுதிருக்கிறாள். "பிள்ளை ஊரை விட்டுப் போறதுக்குப் பதிலா மரம் போனாப் போகுதுண்ணே" என்கிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரம் விழுந்தும் நெட் வரவில்லை. திரிஷா மாடிக்கு ஓடி, பூசணிக்காயை அவிழ்த்தாள். வந்துவிட்டது! காய்க்குள்ளே இருக்கும் தண்ணீர்தான் சிக்னலை மறைத்ததாம். தவசிக்கு இது தெரியாது. தன் மரத்தை வெட்டியதால் வந்த நெட் என்று நினைத்து, எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாருக்கும் இளநீர் சீவிக் கொடுக்கிறான். பூசணிக்காய் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அவன் கிளம்பினால் எடுத்துவிடலாம், ஆனால் கிளம்பச் சொல்ல எனக்கு மனசில்லை. நீங்கள் வரவேண்டாம் மச்சான். வந்தாலும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்காதீர்கள்.