மாமனாரின் முன்பல்

முன்பல் ஒன்றைக் காணவில்லை. மற்ற பற்கள் எல்லாம் மாப்பிள்ளையின் கையில் இருந்தன.

சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனவர், விளிம்பில் ஒரு தட்டில் இருந்த மாமனாரின் பல்செட்டை முழங்கையால் தட்டிவிட்டார். அது பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. குழாய் வேறு திறந்திருந்ததால், உடைந்த பல் அவர் கண்ணெதிரே ஓட்டைக்குள் இறங்கிப் போய்விட்டது. விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். பல் வரவில்லை. விரலை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

உடைக்க வேறு யாருடைய பல்லும் கிடைக்கவில்லையா? மாமனார் இவர்கள் வீட்டோடு வந்து தங்கியதிலிருந்து, இவர் எதைச் செய்தாலும் பின்னால் நின்று, "இப்படியா மாப்பிள்ளை செய்வாங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பல்பு மாற்றினாலும் கேட்பார், சும்மா படுத்திருந்தாலும் கேட்பார். கேட்டுக் கேட்டு, தெருவில் காய்கறி விற்பவர்கூட இவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். ஆபீஸிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவு. வாரம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தான் சம்பளம்.

மிச்சம் இருந்தது சனிக்கிழமை. அன்று நூலக மாடியில் பாலிமர் க்ளே குழு கூடும். அந்தப் பிளாஸ்டிக் களிமண்ணைப் பிசைந்து குட்டி வீடு, குட்டிப் பூனை, காதணி என்று ஆளுக்கொன்று செய்து, ஓவனில் சுட்டு, எப்படிச் செய்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே யாரும் அவர் பின்னால் வந்து நிற்பதில்லை. அதற்காகவே அவர் உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அதுவும் ஒரு நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் வீட்டு ஓவனில் அவருடைய குட்டி யானை கருகி, மாமனார் இருமித் தள்ளிவிட்டார். மனைவி அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை எங்கப்பாவுக்கு உங்களால ஒரு கஷ்டம் வரட்டும். மண்ணும் கிடையாது, சனிக்கிழமையும் கிடையாது."

மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. மதியத் தூக்கம். மனைவி வேலையிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருந்தது. அன்று சனிக்கிழமை என்பதால் பல் டாக்டர் மதியமே கடையைக் கட்டியிருப்பார். மிளகு அளவில் க்ளே ரொட்டி செய்த கைக்கு ஒரு பல் என்ன பிரமாதம் என்று மாப்பிள்ளை தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து நூலகத்துக்கு ஓடினார்.

மூலையில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்பது திட்டம். டப்பாவைத் திறந்த உடனே குழுவிலிருந்த தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டார். அடுத்த நிமிஷம் மொத்தக் குழுவும் மேஜையைச் சுற்றி நின்றது.

குழுத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற போட்டோகிராபர். யார் எதைச் செய்துகொண்டு வந்தாலும் பூதக்கண்ணாடியை வைத்து அதில் விரல் ரேகை பதிந்திருக்கிறதா என்று தேடுவதால் அவருக்கு ரேகை சார் என்று பெயர். பல்செட்டையும் அவர் விடவில்லை.

"ஈறுல கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கு பாருங்க. செஞ்ச டாக்டருக்கு வேலையில அக்கறையே இல்ல."

எல்லோரும் அந்த டாக்டரை நினைத்து வருத்தப்பட்டார்கள். மாமனார் எழுந்துவிடுவாரே என்று மாப்பிள்ளை மெல்லச் சொல்லிப் பார்த்தார். கலைக்கு அவசரம் ஆகாது என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

வெள்ளையில் துளி மஞ்சளும் அதில் துளி பழுப்பும் கலந்து தையல்காரம்மா பல் ஒன்றை உருட்டித் தந்தார். அருமையான பல். அதுதான் தொல்லை. அதைப் பக்கத்தில் வைத்ததும் பழைய பற்கள் எல்லாம் துலக்கியே பல காலம் ஆனவை போலத் தெரிந்தன. சரி, புதுப்பல்லைக் கொஞ்சம் பழசாக்கலாம் என்று மருந்துக்கடைக்காரர் பழுப்புச் சாக்பொடியைத் தூரிகையில் எடுத்தார். அவருக்குக் கை நடுக்கம் உண்டு. பொடி வரிசை முழுக்கக் கொட்டி, மாமனார் ஆயுள் முழுக்கப் புகையிலை மென்றவர் போல ஆகிவிட்டார்.

"இதைத் தேச்சா போயிடும்," என்று ரேகை சார் உப்புத்தாளை எடுத்தார்.

தேய்த்தார். பொடி போகவில்லை, பக்கத்துப் பல் போய்விட்டது.

மாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. வாரம் முழுக்க ஊரார் புகாரைக் கேட்கிற மனுஷன், தன் புகாரை யாரிடம் சொல்லுவார்? அதற்குள் தையல்காரம்மா இரண்டாவது பல்லையும் உருட்டிவிட்டார். இரண்டையும் திரவ க்ளே வைத்து ஒட்டினார்கள். அது இறுக வேண்டுமானால் சூடு காட்டியே ஆகவேண்டும்.

"பல்செட்டு உருகிடாதா?" என்று மாப்பிள்ளை ஈனக்குரலில் கேட்டார்.

"சின்னச் சூடுதான் சார். நான் பாத்துக்கறேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

குழுவின் சிறிய ஓவனில் வைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் சூட்டைக் குறைவாகத்தான் வைத்தார். இது போதாதே என்று அந்தப் பக்கம் போன தையல்காரம்மா சற்றே திருகினார். அது தெரியாமல் ரேகை சாரும் தன் பங்குக்குத் திருகினார். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். கொஞ்ச நேரத்தில் க்ளே கருகினால் வருமே, அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. இரண்டே இரண்டு பல்லுக்கு இவ்வளவு நாற்றமா என்று யோசிக்க யாருக்கும் பொழுதில்லை. ஜன்னல்களைத் திறக்க ஓடினார்கள்.

வெளியே எடுத்தபோது ஈறு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பற்கள் வறுத்த கடலைபோல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஆனால் புதுப்பல் இரண்டும் ஆடாமல் அசையாமல் நின்றன. குழு கைதட்டியது. ரேகை சார் அதைப் போட்டோ எடுத்து, அடுத்த வாரம் எல்லோரும் ஈறு செய்து பழகலாம் என்று அறிவித்தார்.

மாப்பிள்ளை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இனி மறைக்க எதுவும் இல்லை. காலில் விழுந்துவிடுவது, க்ளேயைத் தானே குப்பையில் போட்டுவிடுவது, சனிக்கிழமைகளில் பின்னால் நிற்கும் மாமனாருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வது என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

கதவைத் திறந்ததும் கடக் கடக் என்று சத்தம் கேட்டது. கூடத்தில் மாமனார் காய்ந்த ரஸ்க்கைக் கடித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்க பல்லு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார்.

மாமனார் அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். ஒரு பல்கூடக் குறையாமல் வாய் நிறையச் சிரித்தார்.

"உங்க மண்ணுல ஆசையா நான் செஞ்சு வெச்ச பல்செட்டைக் குழுவுல காட்டிட்டீங்களா மாப்பிள்ளை? அடுத்த சனிக்கிழமையிலேருந்து என்னையும் சேத்துக்கறாங்களாமா?"