எதிர்க்கட்சித் தலைவியின் எதிர்ப்பு சக்தி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் தையல் மிஷினும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

"எப்போது பார்த்தாலும் சளி பிடிக்கிற பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் வேறு, பள்ளிக்கூடத்துக்கு என்ன அவசரம், ஏழு வயது வரை வீட்டிலேயே வைத்துக்கொள்" என்று என் மகளைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். சந்தோஷத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதம் முன்பு டாக்டரம்மா, "குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி கொஞ்சம் குறைவா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயே எதிர்க்கட்சித் தலைவி என்று பட்டம் கொடுத்த பிள்ளை, குளிக்க எதிர்ப்பு, தலைவார எதிர்ப்பு, இடது கால் செருப்புக்கு மட்டும் தனி எதிர்ப்பு, "ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க டாக்டர்" என்றேன். அவர் சிரிக்காமல் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டினார். மூன்று தவணை போட்டு முடித்த தடுப்பூசி. ரத்தத்தில் அதன் எதிர்ப்பு அளவு குறைந்தது பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. பயந்துபோனேன் அக்கா. "இந்தக் குழந்தைங்க சிலருக்கு உடம்பு ஊசிக்கு மெதுவாத்தான் பதில் சொல்லும். ஊசி வீண்னு அர்த்தமில்ல, இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம்" என்றார். பேண்ட்டில் இழுபடும் இடத்தில் இரட்டைத் தையல் போடுவதில்லையா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நான்காவது ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கப் போனால் தலைவி கையை மடக்கிக்கொண்டாள். "அப்பா மொதல்ல." நாள் முழுக்க ஊசியோடு பிழைக்கிறவன், கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினேன். என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு "அழக் கூடாது" என்றாள். பிறகு தன் கையைச் சும்மா நீட்டிவிட்டாள். ரத்தம் எடுத்த பெண், "எடுத்தது எடுத்தாச்சு, உங்களுக்கும் அதே டெஸ்ட் பார்த்துடறேன்" என்றாள். எனக்கெதற்கு, இரும்பு உடம்பு, தும்மியே மூன்று வருடமாகிறது என்று சொல்லியும் அவள் விடவில்லை.

இன்று காலை முடிவு வந்தது. எண்பத்து நான்கு. ஆறு எங்கே, எண்பத்து நான்கு எங்கே. "சளி வரும் போகும், தாராளமா ஸ்கூலுக்கு அனுப்புங்க. கூட இருக்கிறவங்களும் ஊசி போட்டிருக்கணும், அதுதான் அவளுக்கு வேலி" என்றார் டாக்டரம்மா. கடைக்கு வந்து அதே சந்தோஷத்தில் பேங்க் மேனேஜரின் பேண்ட்டில் ஒரு காலை அரைக்காலாக வெட்டிவிட்டேன். போகட்டும். சீருடை தைத்தாயிற்று, காலர் பட்டனுக்கு எதிர்ப்பு நடக்கிறது.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். இனிமேல் "வீட்டிலேயே வைத்துக்கொள்" என்று எழுதாதே.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் அளவு பூஜ்யமாம். அந்த ஊசியை நான் போட்டுக்கொண்டதே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. எனக்கும் மூன்று தவணை, முதல் ஊசி நாளைக்கு. "இந்த வீட்டுல உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கிடையாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்கிறாள் உன் தம்பி மனைவி. பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய் ஊசி போடவைப்பதாகத் தலைவி வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆகவே அக்கா, நீ எழுதியது சரிதான். வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய ஆள் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நான்தான்.