மீராவின் குதிகால் விஷயமாக அத்திம்பேருக்கு

திருப்போரூர்,
சித்திரபானு வருஷம், ஆடி 29, புதன்கிழமை
(14-8-2002)

மகாராஜராஜஸ்ரீ தேசிகன் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் அச்சுதன் அநேக நமஸ்காரம். இங்கே மீராவின் குதிகாலைத் தவிர மற்ற எல்லாரும் க்ஷேமம். அங்கே தங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் முழங்காலும் அடங்கி நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் ‘ஹலோ’ சொல்லி முடிப்பதற்குள் அக்கா ரிசீவரை வாங்கிக்கொண்டு, “பொண் குழந்தை இரும்பைத் தூக்கறதாவது!” என்று ஆரம்பித்துவிடுகிறாள். ஆகவே கடிதம்.

கேளம்பாக்கத்தில் எல்லப்பன் மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்தில் மீரா ஒரு வருஷமாகப் பளு தூக்கிவருவது தாங்கள் அறிந்ததே. வருகிற ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில், ஸ்டேட் போட்டிக்குப் போகும் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் எடைப் பிரிவில் ஒரே ஒருத்திக்குத்தான் இடம். அடுத்த வருஷம் ஜூனியர் வயது தாண்டிவிடும் என்பதால் இதை விட்டால் வேறு வழியில்லை. குழந்தை தூக்கத்தில்கூட மூச்சை இழுத்துப் பிடித்து எதையோ தூக்குகிறாள். இதில் சிக்கல் என்னவென்றால், போட்டியில் ஷூ போட்டுக்கொண்டுதான் தூக்க வேண்டுமாம். மாஸ்டரின் கூடத்திலோ ஆஞ்சநேயர் படத்துக்கு தினமும் கற்பூரம் காட்டுகிறார்கள். செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. இத்தனை நாளும் அவள் வெறுங்காலோடு பழகியவள். “ஒரு ஷூ வாங்கிக் குடுப்பா” என்றாள். இதென்ன பிரமாதம் என்று கிளம்பினேன். அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

செங்கல்பட்டு கடைக்காரர், “ஓடறதுக்கா சார், நடக்கறதுக்கா?” என்று கேட்டார். “நிக்கறதுக்கு” என்றேன். “நிக்கறதுக்கு எதுக்கு சார் ஷூ? சும்மாவே நிக்கலாமே” என்றார். நியாயமாகத்தான் பட்டது. பளு தூக்குவதற்கு என்று விளக்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, “உனுக்கா சாரே?” என்றார். என் பெண்ணுக்கு என்றேன். அதற்குமேல் ஏற இறங்கப் பார்க்க அவரிடம் பார்வை மிச்சமில்லை; கடையிலேயே உசத்தியான ஓட்டப்பந்தய ஷூவைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால், செருப்பு ஜாதியை ஆஞ்சநேயர் முன்னால் எப்படிக் கொண்டுபோவது என்று என் சகதர்மிணி சாவித்ரி மடக்கினாள். ஷூ பூமியிலேயே படாமல், பையில் போட்டு எடுத்துப்போய், உள்ளே வைத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் அதற்கும் ஒரு படி மேலே போய், அதன் அடியை மஞ்சள் தண்ணீரால் துடைத்து மடிக்கொடியில் என் பஞ்சகச்சத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். ஆடி அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வேஷ்டியை எடுக்கக் கோலை உயர்த்தினேன். ஷூ என் தலையில் விழுந்தது. ஆக, அந்த ஷூ முதன்முதலில் மிதித்தது என்னைத்தான்.

இவ்வளவு மடியாகக் கொண்டுபோன ஷூவை மாஸ்டர் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். “இன்னா சார், மெத்த வாங்கியாந்துகீற? எட ஏறுனா கால் உள்ள எறங்கும். கால் ஆடிச்சுன்னா முதுகு பூடும். அடி கெட்டியா இருக்கணும் சார்” என்றார். முதுகு என்றதும் நான் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடும் வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கிவந்தேன். அடி தட்டை, நல்ல கெட்டி. மீரா அசையாமல் நின்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பளுவோடு குந்தினதும் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பித் தள்ளாடிவிட்டாளாம். அப்படியானால் இத்தனை நாள் எப்படித் தூக்கினாள் என்று மாஸ்டரைக் கேட்டேன். “குதிகாலுக்கு அடில பலக வெப்போம் சார். போட்டில பலக வெக்க வுட மாட்டானுங்க. ஷூவுலயே ஒசரம் இருக்கணும்” என்றார். இந்தப் பலகை விஷயமே எனக்குத் தெரியாது, அத்திம்பேர். அவள் தூக்குவதைப் பார்த்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நான் வாசலிலேயே நின்று செருப்புகளுக்குக் காவல் இருப்பவன்.

குதிகால் உயரம்தானே என்று கேளம்பாக்கத்துக் கடையில் ஏறி, “பொம்மனாட்டிகள் போடறது, குதிகால் நன்னா ஒசரமா வேணும்” என்று கேட்டேன். கறுப்பாக, பளபளவென்று, எழுதுகோல் முனை மாதிரி குதியோடு ஒன்றைக் கொடுத்தார்கள். சாவித்ரி பையைப் பிரித்துப் பார்த்து, “இது யாருக்கு?” என்று கேட்ட குரல் நன்றாக இல்லை. மீராவுக்கு என்று சத்தியம் செய்தேன். மீராவோ, “இதைப் போட்டுண்டா நானே விழுவேன், இதுல பளு வேறயாப்பா?” என்று கேட்டு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சாயந்திரக் காபி வரவில்லை.

கடைசியாக, மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் என் சிநேகிதர் ராஜேந்திரனிடம் புலம்பினேன். “கெட்டியா இருக்கணும், ஒசரமா இருக்கணும், அவ்ளோதான சாரே? கல்லவுட கெட்டி இன்னா கீது?” என்று சொல்லி, கருங்கல்லில் இரண்டு ஆப்பு செதுக்கி கான்வாஸ் ஷூவின் குதியில் ஒட்டிவிட்டார். சும்மா இருக்க மனசில்லாமல் ஓரத்தில் தாமரை இதழ் வேறு. மீரா ஒரு அடி எடுத்து வைத்தாள். மாஸ்டரின் சிமென்ட் தரை விரிசல் விட்டது. “பளுவ தூக்கறதா சார், ஷூவ தூக்கறதா?” என்று மாஸ்டர் கேட்டார். ஆப்பைப் பெயர்த்துவிட்டோம்.

மெத்தென்று இருந்தால் முதுகு போகும் என்கிறார்கள், தட்டையாக இருந்தால் தள்ளாடும் என்கிறார்கள், உயரமாக வாங்கினால் குடும்பம் கலைகிறது, கெட்டியாகச் செய்தால் தரை பிளக்கிறது. நான் என்னதான் செய்வது? இதற்கென்றே மரக்குதி வைத்த ஷூ அங்கே பட்டணத்தில் கிடைக்கிறதாம். விளையாட்டுச் சாமான் கடைகளில் விசாரித்து, ஏழாம் நம்பரில் ஒரு ஜோடி வாங்கி, சனிக்கிழமைக்குள் தங்கள் குமாரன் ஷ்ரவணிடம் கொடுத்து அனுப்பக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை தோற்றால் தோற்கட்டும். அப்பன் வாங்கிய ஷூவால் தோற்றாள் என்று இருக்கக் கூடாது. அக்காவுக்கு என் நமஸ்காரம். சிரஞ்சீவி ஷ்ரவணுக்கு ஆசீர்வாதம். அவன் எதையும் தூக்காமல் படித்து முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத
அச்சுதன்

பி.கு.: திங்கட்கிழமை காலை. அத்திம்பேர், மேற்படி கடிதம் தபாலில் போடப்படவே இல்லை. சாவித்ரி துவைக்க எடுத்த என் சட்டைப் பையில் அப்படியே இருக்கிறது. போட்டியும் நேற்று முடிந்துவிட்டது. மீரா வேறு வழியில்லாமல் கான்வாஸ் ஷூவோடு ஒத்திகை பார்த்து, தள்ளாடி உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவளோடு போட்டி போட வந்த சதுரங்கப்பட்டினத்துப் பெண் யோகேஸ்வரியின் காலில் அசல் மரக்குதி ஷூ. அவள் அப்பா தாண்டவராயன், கடலுக்குப் போகிறவர், என்னிடம் வந்தார். “இன்னா சாரே பேஜாராய்கினு நிக்கிற? நம்ம பொண்ணு ஷூ கீதுல்ல? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி போட்டுக்கினா போச்சு” என்றார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. ஒருத்தி இறங்க, ஒருத்தி ஏற, நானும் அவரும் மண்டிபோட்டு ஆளுக்கொரு காலாகக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். மாட்டுகிற அவசரத்தில் அது யார் கால் என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிற்று. பளுவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை ஷூ மேடை ஏறியது, குந்தியது, எழுந்தது, துளி ஆடவில்லை. “பலே மீரா!” என்று கத்திக்கொண்டு கைதட்டினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. நிமிர்ந்தால், மேலே பளுவோடு நிற்பவள் யோகேஸ்வரி. மீரா எனக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள். என் பெண்ணைத் தோற்கடித்த தூக்குக்கு முதல் கைதட்டல் என்னுடையது, அத்திம்பேர். தாண்டவராயன், “இந்த மனசு யாருக்கு சாரே வரும்!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். அது மனசில்லை, குழப்பம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பிடி தளரவில்லை.

ஆகவே இனி ஷூ எதற்கு என்றுதான் நேற்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். திருப்போரூரில் இறங்கும்போது மீரா, “அந்த ஷூ யோகியோடது இல்லப்பா, அவ சீனியர்கிட்ட இரவல். இன்னிக்கே திருப்பிக் குடுத்தாச்சு. ஸ்டேட்டுக்கு அவ எதைப் போட்டுப்பா? அத்திம்பேர்கிட்ட வாங்கச் சொல்லேன்” என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். தயவுசெய்து ஷூவை வாங்கிவிடுங்கள். அளவு அதேதான், கால்தான் வேறு.