ஓரகத்தியின் ஸ்ட்ரோலரும் என் வாயும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டர்கள் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. போகிற வழியில் ஏதாவது ஒரு கம்பத்தில், அட்டையில் கையால் எழுதிய ‘யார்டு சேல்’ என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் கண்ணில் பட்டால் போதும், என் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிடும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற வழியில்கூட நான் அப்படி ஓர் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, “ஏங்க, வலி ஒண்ணும் அவ்வளவா இல்ல” என்று சொன்னதாக என் கணவர் முரளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். (பொய். வலி இருந்தது. அம்புக்குறியைப் பார்த்தது மட்டும் உண்மை.)

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டில் இருந்த சோபா, விளக்கு, புத்தக அலமாரி, சமையலறைக் கடிகாரம் எல்லாம் யாரோ ஒருவர் வேண்டாம் என்று வாசலில் போட்டு விற்றவைதான். புதிதாக வாங்கியவை என்றால் பிரஷர் குக்கரும் முரளியின் பல்துலக்கியும். இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கடையில் போய் முழு விலை கொடுப்பவர்களைப் பார்த்தால், பாவம், விவரமில்லாதவர்கள் என்று உச்சுக்கொட்டுவேன்.

அப்படி உச்சுக்கொட்டப்பட்டவர்களில் முதன்மையானவர் சித்ரா அக்கா. முரளியின் அண்ணி, எனக்கு ஓரகத்தி. அரை மணி நேரக் கார் தூரத்தில், எடிசனில் இருக்கிறார். அக்கா எதையும் புதிதாகத்தான் வாங்குவார். வாங்கியதைக் கடைசிவரை புதிதாகவே வைத்திருப்பார். தன் பையனை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போக அவர் வாங்கிய ஸ்ட்ரோலர், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. சாம்பல் நிறம், தோல் கைப்பிடி. அந்த விலைக்கு ஊரில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிப் பெட்ரோலும் போட்டுவிடலாம். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அதை எங்கள் மகள் தியாவுக்கு இரவல் கொடுத்தார்.

“ரேவதி, இதுல உக்கார வெச்சு சாப்பாடு குடுக்காத. வீல் ஈரமாச்சுன்னா தொடச்சிடு. வெயில்ல நிறுத்தாத.”

குழந்தையை உட்கார வைக்கலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

தியாவுக்கு இரண்டு வயதானபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. சென்னையிலிருந்து அவருடைய தங்கை கைக்குழந்தையோடு வருகிறாள், ஸ்ட்ரோலர் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, எங்கள் பக்கத்து சர்ச்சில் ரம்மேஜ் சேல். சபைக்காரர்கள் தங்கள் வீட்டில் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து கொட்டி, ஹாலின் கூரையை ரிப்பேர் செய்யப் பணம் சேர்ப்பார்கள். கடைசி ஒரு மணி நேரம் எல்லாமே பாதி விலை. என்னைப் பொறுத்தவரை அது வைகுண்ட ஏகாதசி.

“நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். இன்னிக்கு இத எடுத்துட்டு வரணுமா?” என்றார் முரளி.

“கடைசியா ஒரு தடவை குழந்தை போகட்டுங்க” என்றேன். (உண்மையான காரணம், வாங்குகிற சாமான்களை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம் என்பது.)

ஹாலில் கூட்டம் நெரிந்தது. மேசைகளுக்கு நடுவே ஸ்ட்ரோலர் நுழையவில்லை. எனவே அதை வாசலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நிறுத்திவிட்டு, தியாவை முரளி தோளில் ஏற்றிவிட்டு உள்ளே பாய்ந்தேன். எங்கே நிறுத்தினேன் என்று நின்று கவனிக்கவில்லை. ஒரு தொட்டிலுக்கும் ஒரு குழந்தை நாற்காலிக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறேன். அதாவது, குழந்தைச் சாமான்கள் விற்கும் பகுதியில்.

பாத்திர மேசையில் என் மனதைப் பறித்தது ஒரு செம்பு நிறப் பானை. அடியில் குட்டி அடுப்பு, சுற்றிலும் நீள நீளமாக முள்கரண்டிகள். எதற்கென்று தெரியாது. ஆனால் இவ்வளவு முள்கரண்டிகள் இந்த விலைக்கு வேறு எங்கே கிடைக்கும்? “நமக்கு எதுக்கு இது?” என்று முரளி கேட்க, “எதுக்குன்னு வீட்டுக்குப் போய் யோசிப்போம்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீங்க தமிழா?”

மேடிட்ட வயிறோடு ஒரு பெண். பெயர் மைதிலி, தலைப்பிரசவம், இந்த மாதிரி சேலுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று கடகடவென்று சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு தவிப்பு.

“அங்க ஒரு ஸ்ட்ரோலர் இருக்குங்க. அது நல்ல பிராண்டான்னு எனக்குத் தெரியல” என்று பிராண்டின் பெயரைச் சொன்னாள்.

எனக்குள் இருந்த ஆசான் எழுந்து நின்றார். “ஐயோ, அந்த பிராண்டா! எங்க ஓரகத்திகிட்ட அதே பிராண்ட் இருக்கு. புதுசு விலையைக் கேட்டீங்கன்னா இங்கயே வலி எடுத்துடும். கண்ண மூடிட்டு வாங்குங்க!”

“இருபது டாலர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க.”

“ஒட்டினா? அப்படியே குடுத்துடுவீங்களா? பாதி விலை நேரம் இது. அதுக்கும் கீழ கேளுங்க. வீல் கிறீச்சுன்னு சத்தம் போடுதுன்னு சொல்லுங்க.”

“ஆமாங்க, நெஜமாவே போடுது!”

“பாத்தீங்களா! எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு இருக்கும். குறைக்கலன்னா, ‘பரவால்ல’ன்னு சொல்லிட்டு ரெண்டு எட்டு நடங்க. திரும்பிப் பாக்காதீங்க. அவங்களே கூப்பிடுவாங்க.”

மைதிலி பாடத்தை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனாள். சிறிது நேரத்தில், வாசலில் இருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நானும் உயர்த்திக் காட்டினேன். “பாவங்க, ஏதோ நம்மால முடிஞ்ச உதவி” என்று முரளியிடம் சொன்னபோது எனக்குக் கண் லேசாகக் கலங்கியதாகக்கூட ஞாபகம்.

முள்கரண்டிப் பானையோடு வாசலுக்கு வந்தேன். தொட்டில் இருந்தது. குழந்தை நாற்காலி இருந்தது. நடுவில் தரை இருந்தது.

முரளிதான் முதலில் பேசினார். “ரேவதி, அந்தப் பொண்ணு வாங்கின ஸ்ட்ரோலர் என்ன கலர்?”

பணம் வாங்கும் மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மாவிடம் ஓடினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: விலைச்சீட்டு இல்லாமல் அநாதையாக நின்றதாம், விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று தானே ஒன்று எழுதி ஒட்டினாராம். “கவலைப்படாதே, ஹனி. அந்தப் பணம் கூரைக்குத்தான் போகிறது” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கூரை அப்போதே என் தலையில் இறங்கினாலும் நல்லது என்று இருந்தது எனக்கு.

பார்க்கிங்கில் அவர்கள் இன்னும் இருந்தார்கள். அதற்குக் காரணம் ஐரோப்பியப் பொறியியல். அந்த ஸ்ட்ரோலரை மடக்குவதற்கு ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இன்னொன்றைத் திருகி, முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். மைதிலியின் கணவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டே அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அது எங்களுதுங்க!” என்று மூச்சிரைக்கப் போய் நின்றேன்.

மைதிலி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதானே கண்ண மூடிட்டு வாங்கச் சொன்னீங்க?”

“சொன்னேன். ஆனா அது எங்களுதுன்னு தெரியாம...”

“உங்க ஸ்ட்ரோலர் உங்களுக்கே தெரியாதா? விலை குறைஞ்சு போச்சுன்னதும் உங்களுக்கு ஆசை வந்துடுச்சு. அதானே?”

அந்த நேரம் பார்த்துத் தியா தோளிலிருந்து இறங்கி ஓடி, “மை ஸ்ட்ரோலர்!” என்று கத்தினாள். நான் வெற்றிப் பார்வை பார்த்தேன்.

“எல்லாக் குழந்தையும் எதப் பாத்தாலும் அப்படித்தாங்க சொல்லும்” என்றாள் மைதிலி.

அவள் சொன்னதை நிரூபிப்பதற்காகவே பிறந்தவள் போலத் தியா அவர்களுடைய காரைக் கட்டிக்கொண்டு “மை கார்!” என்றாள்.

வேறு வழியில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சித்ரா அக்கா செத்தாலும் அறியக்கூடாத ரகசியத்தைச் சொன்னேன். “சீட்டுக்கும் சைடு துணிக்கும் நடுவுல கைய விட்டுப் பாருங்க. தயிர்சாதம் இருக்கும். காஞ்சு போயிருக்கும். ஒரு மாதுளை முத்தும் இருக்கலாம்.”

அவள் கணவர் கையை விட்டார். முகம் மாறியது. கையை எடுத்து மோந்து பார்த்தார். “மைதிலி, இவங்களுதுதான்” என்றார்.

மைதிலி அந்தத் தோல் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றாள். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. “நீங்க குடுத்த பணத்த ரெண்டு மடங்கா குடுத்துடறேங்க” என்றேன்.

“பரவால்ல” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி இரண்டு எட்டு நடந்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நடையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது அது.

“சரி, நில்லுங்க! என்னதான் வேணும்?”

“நான் குடுத்த பணம் மட்டும் போதுங்க. ஆனா குழந்தை பொறக்கறதுக்குள்ள, இதே மாதிரி ஒண்ணு, இதே விலைக்கு, நீங்க தேடிக் குடுக்கணும்.”

ஒத்துக்கொண்டேன். இவ்வளவு நேரமும் எங்கள் இருவரின் கணவர்களும் ஏதாவது செய்தார்களா என்றால், செய்தார்கள். தினமும் வேலைக்குப் போக பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஒரே ரயிலைப் பிடிப்பவர்கள் தாங்கள் என்று கண்டுபிடித்து, அது தாமதமாக வருவதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை முழுக்க ஸ்ட்ரோலரைத் துலக்கினேன். தயிர்சாதத்தைப் பல்குச்சியால் நோண்டி எடுத்தேன். சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டேன். கைப்பிடிக்கு ஷூ பாலிஷ். மறுநாள் சித்ரா அக்கா வந்து பார்த்துவிட்டு, “பரவால்லயே ரேவதி, நல்லாத்தான் வெச்சிருக்க” என்றார். அவர் வாயால் நான் வாங்கிய முதல் பாராட்டு. நான் பூரித்துப் போய் நிற்க, அக்கா பட்டனை அழுத்தி, திருகி, முழங்காலால் ஓர் இடி இடித்து ஸ்ட்ரோலரை மடக்கினார். அடிப்பக்கம் மேலே வந்தது.

ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். அதில் இருபது என்று எழுதி, அடித்து, கீழே எட்டு.

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அக்கா கத்தவில்லை. அந்த ‘எட்டு’ மேல் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு, தழுதழுத்த குரலில் கேட்டார்.

“வித்ததுதான் வித்தீங்க, இருபதுலயாவது நின்னிருக்கக் கூடாதா? யாரு குறைக்கச் சொன்னது?”

சமயத்துக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத என் கணவர், “ரேவதிதான் அண்ணி” என்றார்.

மைதிலிக்கு ஸ்ட்ரோலர் கிடைத்தது, ஒன்பதாம் மாதத்தில், மழையில், யாரோ ஒருவருடைய வீட்டுக் கராஜில். இப்போது அவளுக்கும் அந்த வியாதி முற்றிவிட்டது. சனிக்கிழமை காலையில் என்னை எழுப்புவது அவள்தான்.

சித்ரா அக்காவும் பெரிய மனுஷி. இத்தனை நடந்தும் எனக்கு இரவல் கொடுப்பதை நிறுத்தவில்லை. போன மாதம், தியாவின் பிறந்தநாளுக்காக அவருடைய பெரிய பிரியாணி அண்டாவைக் கேட்டு வாங்கினேன். கார் வரைக்கும் கூடவே வந்தார். டிக்கியை மூடும்போது என் தோளில் கைவைத்து, ரொம்ப அன்பாகச் சொன்னார்.

“ரேவதி, இத மட்டும் அம்பதுக்குக் கீழ குடுத்துடாத.”