வாத்துத் தட்டு

சாக்கை உதறியதும் ஒரு சில்லிலிருந்து மஞ்சள் வாத்து ஒன்று ஒற்றைக் கண்ணால் மருமகளை முறைத்தது. ஐயையோ, கூடத்து அலமாரியில் இருக்க வேண்டிய மாமியாரின் பீங்கான் தட்டு!

அக்கம்பக்கத்தார் உடைந்த கோப்பை, தட்டுகளை அந்தச் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். சில்லு தெறிக்கக்கூடாதென்று அவள் சாக்கின் வாயைக் கட்டி, மேலேயே சுத்தியலால் நாலு போடு போடுவாள். வீட்டுப் பின்னாலிருந்த பட்டறையில் அந்தச் சில்லுகளை மேஜைப் பலகையில் ஒட்டி மீனும் பூவுமாகச் செய்து விற்பாள். கட்டுமுன் உள்ளே எட்டிப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

"வீட்டுச் சாமான் ஒண்ணு உடைஞ்சாலும் பட்டறையை இழுத்து மூடிடணும்" என்பது மாமியார் போட்ட சட்டம். போதாக்குறைக்கு, அந்தத் தட்டைப் பரிசளித்த மாமியாரின் நாத்தனார் அன்றைக்கென்று பார்த்து விருந்தாளியாக வந்திருந்தார்.

"எங்கே அண்ணி, என் வாத்து?"

"ஏம்மா, தட்டைப் பார்த்தியா?" என்று குரல் கொடுத்தார் மாமியார்.

"அது... பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா இரவல் வாங்கிட்டுப் போனாங்க அத்தை!"

"வாங்க அண்ணி, போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்று எழுந்துவிட்டார் நாத்தனார்.

மருமகள் பின்கதவு வழியாக ஓடி, எதையாவது சொல்லிச் சமாளிக்கும்படி தையல்காரியிடம் கெஞ்சினாள். ஆனால் மாமியாரைக் கண்டதும் தையல்காரி வாயில் வந்ததை உளறிவிட்டாள்.

"தட்டா? உங்க பையன்தான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனாரு!"

அங்கேயே மகனுக்குப் போன் போட்டார்கள். அவனுக்கு ஒன்றுமே தெரியாதே என்று தவித்தாள் மருமகள்.

"ஆமாம்மா," என்றான் மகன். "சாயங்காலம் கொண்டு வந்துடறேன்."

கொண்டும் வந்தான். அதே வாத்து, அதே முறைப்பு. நாத்தனாருக்கு வாயெல்லாம் பல்.

மருமகள் அவனைச் சமையலறைக்குள் இழுத்தாள். "என்னங்க இது, மாயமா?"

"கத்தாதே! அது அப்பப்போ காணாமப் போகுது. அம்மாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்னு நான்தான் அதே மாதிரி வாங்கி வெச்சுடறேன். ஆபீஸ்ல எப்பவும் ஒண்ணு கைவசம் இருக்கும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பினால், மாமியார்! எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம்.

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அத்தை, நான்தான் உடைச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன். பட்டறையை மட்டும் மூடச் சொல்லிடாதீங்க!"

மாமியார் அவளை விட்டுவிட்டு மகனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். குரல் மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

"பாவி, ரெண்டு தடவை இந்தக் கண்றாவியைக் குப்பையில போட்டேன், முளைச்சு முளைச்சு வந்துச்சு, இந்தத் தடவை உன் பொண்டாட்டி சுத்தியலை நம்பித்தானேடா சாக்குல போட்டேன்!"