திமிங்கிலத்துக்கு ஏது ராகு காலம்?

நான் அம்மா பிள்ளை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த ஒரு குணத்தால் வங்கக் கடல் திமிங்கிலங்களை மூன்று வருடம் பொய்க் கணக்கில் ஏற்றினேன் என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

எழுபதுகளில் நடந்தது. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யக் குடும்பம் எங்களுடையது. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு வெட்டியாக இருந்த எனக்கு, பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கே திமிங்கிலங்கள் குட்டி போட்டு வளர்க்கின்றனவா என்று வருடக்கணக்கில் கவனித்து, ஆமென்றால் அந்தக் கடலைப் பாதுகாக்க வேண்டும் என்பது திட்டம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணல்மேட்டுக் கொட்டகையில் பைனாகுலரோடு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுத வேண்டும். ஒன்றும் தென்படாவிட்டால் ‘இல்லை’. (நான் எழுதிய ‘இல்லை’களை வரிசையாக வைத்தால் சென்னை வரை போகும்.)

கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “நல்லது எதையும் ராகு காலத்துல எழுதிடாதேடா கண்ணா.”

குட்டியோடு வரும் திமிங்கிலத்தைவிட நல்லது எது?

ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்கால். எனக்குத் துணையாக அமர்த்தப்பட்டிருந்த படகுக்காரர் முனுசாமி குதித்தார். “சாமி! அங்க பாரு, தாயும் குட்டியும்!”

கறுத்துப் பளபளத்த பெரிய முதுகு. அதை ஒட்டிக்கொண்டு சின்னதாக இன்னொன்று. தாய் மூச்சு விட்டதும் குட்டியும் அவசர அவசரமாக விட்டது. அவ்வளவு அருகில் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“எயுது சாமி, எயுது!”

“இருங்க, ஒன்பது மணி ஆகட்டும்.”

“அது இன்னா ரேஷன் கடையா, ஒம்போது மணிக்குத் தொறக்க?”

ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். ஒன்பது ஐந்துக்குத்தான் பேனாவைத் திறந்து, அப்போதுதான் பார்த்ததாக எழுதினேன். மூன்று வருடமும் இதே கதைதான்.

அதன் முடிவில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கண்காணிப்பு தொடருமா, ஊத்தி மூடிவிடுவார்களா என்று அன்று தெரிந்துவிடும். தொடர்ந்தால் என் வேலை நிரந்தரம்.

எங்கள் அதிகாரி கல்கத்தாக்காரர். மகா படிப்பாளி. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்டதில்லை. பெரிய வரைபடத்தை விரித்து ஆங்கிலத்தில் முழங்கினார். முனுசாமிக்குப் புரியட்டும் என்று ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“தாயும் குட்டியும் தினமும் சரியாக ஒன்றரை மணி நேரம் மறைந்துவிடுகின்றன. திங்களன்று ஏழரை முதல் ஒன்பது. செவ்வாயன்று மூன்று முதல் நாலரை. குட்டிக்குப் பால் கொடுக்கும் நேரமாக இருக்கலாம். உலகம் கண்டிராத ஒழுங்கு இது!”



“அட, அது ராகு காலமாச்சே!” என்றார் முனுசாமி, பின்வரிசையிலிருந்து.

கூடத்தைக் கொடுத்திருந்த ஆலை முதலாளி எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தினசரி காலண்டரைத் தாள் தாளாகப் புரட்டிச் சரிபார்த்தார். கூடமே சிரித்தது. விஷயத்தைக் கேட்டறிந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

“ராகு காலம் பார்த்தது திமிங்கிலமா, நீயா?”

“நான்தான் சார்.”

வேலை போனது போகட்டும், என்னால் அந்தக் கடலையே கைவிட்டுவிடுவார்களே என்று பயந்தேன். அப்போது முனுசாமி எழுந்து கும்பிட்டார். “மூடிராதீங்க சார். தாயும் நெசம், குட்டியும் நெசம். நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். நேரம் மட்டுந்தான் சாமியோடது.”

கண்காணிப்பு தொடர்ந்தது. பதிவேடு மட்டும் அஞ்சாம் கிளாஸ் படித்த முனுசாமியின் கைக்குப் போனது. பரிதாபப்பட்ட ஆலை முதலாளி எனக்கு டைம் கீப்பர் வேலை கொடுத்தார். (ஆம், நேரம் குறிக்கும் வேலைதான்!) ஓய்வு பெறும்வரை, ஏழே முக்காலுக்கு வந்தவனுக்கு ஏழே முக்கால் என்றே எழுதினேன்.

எங்கள் வீட்டில் இன்றும் ராகு காலத்துக்குப் பெயர் ‘திமிங்கில நேரம்’. திங்கட்கிழமை காலையில் நான் சும்மா கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் என் மனைவி காபியை நீட்டிக்கொண்டே கேட்பாள். “என்ன, தாயும் குட்டியும் வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

“அப்போ இப்பவே எழுதிக்கோங்கோ. ஒன்பது மணி வரைக்கும் அதுகளைக் காக்க வைக்காதேங்கோ.”