அசையாமல் நில்லுங்கள், கண்டக்டர்

பதினான்காவது படத்தில் கண்டக்டரின் வலது காது மட்டும் விழுந்திருந்தது. முந்தைய பதின்மூன்றையும் பார்த்தவர்கள் இதை முன்னேற்றம் என்றே சொல்வார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகள் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவாள். போன வெள்ளி கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, பையன் ஸ்கூல்ல குடும்பத்துப் படமெல்லாம் அட்டையில ஒட்டணுமாம். தாத்தா கட்டம் மட்டும் காலியா இருக்கு. அடுத்த வெள்ளிக்குள்ள அனுப்புங்க. அதான் மாப்பிள்ளை கேமரா வாங்கிக் குடுத்தாரே!"

கொடுத்தார். இரண்டு வருடமாக அது அலமாரியில் இருந்தது. ஒற்றை ஆள் யாரைப் படம் எடுப்பது?

முப்பத்திரண்டு வருடம் பேருந்து நெரிசலிலேயே வாழ்ந்தவர் கண்டக்டர். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் நிற்பதற்கு ஏகப்பட்ட இடம். "உள்ள நகருங்க" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைத்தெரு முனையில் ஒரு கேமராக் கடை. ஆளுக்கொரு போன் வந்த பிறகு அங்கே ஈ கூட விலை விசாரித்துவிட்டுப் போய்விடும். பாதிக் கடையைக் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவருக்கு விட்டிருந்தார் கடைக்காரர். சனிக்கிழமை காலை கண்டக்டர் அங்கே போய், மகளின் மின்னஞ்சல் முகவரி எழுதிய சீட்டை நீட்டினார்.

"படம் நானே எடுத்துக்கறேன் தம்பி. மாப்பிள்ளை கேட்டா நானே எடுத்தேன்னு சொல்லணும்ல? நல்லதா ஒண்ணு வந்ததும் நீங்க தட்டி விட்டாப் போதும்."

"அதுக்கென்னண்ணே. ஸ்டாண்டுல மாட்டுங்க, டைமரை அமுக்குங்க. பத்து விநாடி. ஓடிப் போய் நில்லுங்க."

பழைய பஸ் கதை ஒன்றையும் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் அன்று எழுந்தார் கண்டக்டர்.

ஞாயிறன்று கடையின் பெரிய திரையில் படங்களைப் போட்டார்கள். ஜன்னல் பளிச்சென்று இருந்தது. முன்னால் கரிக்கட்டையாக ஒருவர்.

"வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டினா மூஞ்சி கறுத்துடும்ணே. ஜன்னலைப் பார்த்து நில்லுங்க."

ஜன்னலைப் பார்த்து நின்றார். வெயில் கண்ணில் குத்தியது; பேரன் பார்த்தால் பயந்துவிடுகிற மாதிரி முகம் கோணியது. ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு எடுத்தார். ஒரே படத்தில் மூன்று கண்டக்டர்கள் வந்தார்கள்.

"இருட்டுல ஷட்டர் மெதுவாத்தான் மூடும். அதுவரைக்கும் அசையக்கூடாது."

"அசையலையே!"

அசைந்தார். ஓடும் பேருந்தில் முப்பத்திரண்டு வருடம் நின்ற உடம்பு, ஓடாத வீட்டிலும் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

"அப்ப ஃபிளாஷைப் போடுங்கண்ணே."

போட்டார். எதிர்வீட்டு அம்மாள் மின்னல் என்று நினைத்து, காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார். மழையும் மரியாதைக்கு வந்துவிட்டுப் போனது. படத்திலோ மூக்குக்கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு சூரியன்கள்.

புதன்கிழமை ஃபோகஸ் தகராறு. சுவர் காலண்டரில் தேதி துல்லியமாகத் தெரிந்தது, தாத்தாதான் மங்கல்.

"நீங்க நிக்கப்போற இடத்துல யாரையாவது நிறுத்தி, அவங்க மேல ஃபோகஸ் வச்சுக்கங்க."

"யாரை?"

கடைக்காரர் கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். கடிகாரக்காரர் குனிந்து எதையோ முடுக்கினார்.

வியாழனன்று கண்டக்டர் ஒரு தலையணைக்குத் தன் பழைய காக்கிச் சட்டையை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்தார். ஃபோகஸ் அருமையாக அமைந்தது. எழுப்பிவிட மனம் வராமல் பக்கத்திலேயே ஒண்டிக்கொண்டார்.

ஜன்னல் வழியே எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். "விருந்தாளியா?"

"ஆமாம்மா. கொஞ்ச நாள் தங்குவார்."

படத்தில் விருந்தாளி மிகத் தெளிவு. வீட்டுக்காரரின் காதுதான் ஓரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. போன் அடித்தபோது, கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார்.

"அப்பா, படம் பிரமாதம்! ஒட்டியாச்சு. பையன் எல்லார்கிட்டயும் காட்டிட்டு வந்தான்."

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாத்தா கட்டத்தில் தலையணையா? "எந்தப் படம்மா?"

"வாய் கொள்ளாமச் சிரிக்கிறீங்களே, அதுதான்."

பதினான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் சிரிக்கவில்லை. செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். கடிகாரக்காரர் மட்டும், கண்ணில் செருகிய லென்ஸை எடுக்காமலே நிமிர்ந்தார்.

"அது சனிக்கிழமையே போயாச்சுண்ணே, நீங்க இங்க உக்காந்து பஸ் கதை சொல்லிச் சிரிச்சப்பவே அவன் போன்ல எடுத்து அனுப்பிட்டான், வேலை முடிஞ்சதுன்னு சொன்னா மறுநாள் வரமாட்டீங்களேன்னுதான் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கல."